தொலைபேசி எண்ணாவது இலக்கம்

பதினோரு வருடமாக நான் தற்காலிகம். எங்கள் நிறுவனத்தின் கணினிக் கூடத்தில் இருக்கும் நாற்பது கம்ப்யூட்டர்களும் நிரந்தரம். ஒவ்வொன்றுக்கும் பாதி உயிர்தான் என்றாலும் பதிவேட்டிலிருந்து அவற்றை அவ்வளவு எளிதில் நீக்க முடியாது. அவற்றைத் தட்டிக்கொட்டி ஓட்டுகிற என்னை நீக்க ஒரு வரி போதும். அந்த வரி வராமல் இருக்க ஒவ்வொரு வருடமும் ஒரு விண்ணப்பம் எழுதுவேன்.

நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அதுதான் எனக்கு முக்கியம். நானும் என் வீட்டுக்காரரும் அவருடைய அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறோம். சமையலறை பொது. அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி நல்லவர்தான், அதை அவரே தினமும் சொல்வார். ஆனால் நான் அடுப்பில் எதை வைத்தாலும் பின்னாலேயே வந்து தீயைக் குறைத்துவிட்டுப் போவார். பதினோரு வருடத்தில் நான் வைத்த தீயில் ஒரு குழம்பு கொதித்ததில்லை.

போன வருடம் நிறுவனத்துக்கு இருபத்தைந்தாம் ஆண்டு. இயக்குநர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏதாவது ஒரு சாதனை வேணும்மா. செலவில்லாம, சீக்கிரமா. பண்ணிக் குடுங்க, உங்க ஃபைல்ல நானே கையெழுத்துப் போடறேன்."

எனக்கு உடனே தோன்றியது பை. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருகிற எண், முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருப்பது. அதில் வெகுதூரத்தில் இருக்கும் ஓர் இலக்கத்தை, அதற்கு முன்னால் இருக்கும் எதையும் தெரிந்துகொள்ளாமலேயே நேராகப் போய் எடுத்துவர ஒரு வழி உண்டு என்றேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அவரும் அந்த நாற்காலிக்கு அப்படித்தான் வந்திருந்தார்.

"எத்தனையாவது இலக்கம்?"

"நீங்க சொல்றதுதான் சார்."

கொஞ்சம் யோசித்தார். "நம்ம ஆபீஸ் போன் நம்பர் எத்தனையோ, அத்தனையாவது. ஜனங்களுக்கு நம்பரும் மனசுல நிக்கும்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதை ஒரு கமிட்டி கூடி ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

அடுத்த சிக்கல் அடிமானம். நாம் எண்ணுவது பத்தின் அடிமானத்தில். இந்தக் குறுக்கு வழியோ இரண்டு, பதினாறு போன்ற அடிமானங்களில்தான் சுலபமாக நடக்கும். பத்தில் வேண்டுமென்றால் எங்கள் கம்ப்யூட்டர்களின் ஆயுளும் போதாது, என் ஆயுளும் போதாது.

"பதினாறுல பண்ணுவோமா?" என்றேன். "ஆனா ஒன்பதுக்கு மேல ஏ, பி, சின்னு எழுத்து வரும்."

"நம்பர் கேட்டா எழுத்து வருமா? கேக்கறவங்க சிரிப்பாங்கம்மா."

"அப்போ ரெண்டு. பூஜ்யமோ ஒன்னோ, ரெண்டுல ஏதாவது ஒன்னு வரும்."

"ரெண்டுல ஒன்னு கண்டுபிடிக்கவா நாற்பது கம்ப்யூட்டர்?" என்றார். நல்ல கேள்விதான். காசைச் சுண்டினாலும் அதேதான் வரும். ஆனால் அதைச் சொல்லி என் குவார்ட்டர்ஸில் நானே மண்ணைப் போட்டுக்கொள்வேனா?

தொடக்க விழா நடந்தது. கணக்கை நாற்பது பங்காகப் பிரித்து, கம்ப்யூட்டருக்கு ஒரு பங்காக வைத்திருந்தேன். முதல் கம்ப்யூட்டரில் இயக்குநர் என்டர் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அழுத்தினார், எல்லோரும் கை தட்டினார்கள். போட்டோகிராபர் கை தட்டவில்லை. "சார், கண்ண மூடிட்டீங்க. இன்னொரு தடவ." இயக்குநர் இன்னொரு தடவை அழுத்தினார். மற்ற முப்பத்தொன்பதையும் நான் அழுத்தினேன். அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

பதினாறு நாள் ஓடியது. நாற்பது பங்கின் விடைகளையும் கூட்டி, முழு எண்ணைத் தள்ளிவிட்டு, புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும். அது அரைக்குக் கீழே இருந்தால் இலக்கம் பூஜ்யம், அரையோ அதற்கு மேலோ இருந்தால் ஒன்று. வந்தது 0.81. அதாவது ஒன்று. இரண்டே வாரத்தில் வாசலில் கருப்புக் கல் பலகை வைத்தார்கள். பையின் இரண்டடிமான இலக்கங்களில் எங்கள் தொலைபேசி எண்ணாவது இலக்கம் என்று சின்ன எழுத்தில் எழுதி, கீழே முழ நீளத்துக்கு ஒரு '1'. என் ஃபைலும் நகர்ந்தது. எட்டாம் நம்பர் குவார்ட்டர்ஸைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லிச் சாவிகூடக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் சமையலறை ஜன்னலைத் திரைச்சீலைக்கு அளந்தார். நான் வெறும் மேடைமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

நிரந்தர ஆணை வரவேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அறிக்கையில் சேர்ப்பதற்காக விடைக் கோப்புகளை நகல் எடுத்தேன். நாற்பத்தொன்று இருந்தன.

மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். முதல் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் இரண்டு. இயக்குநர் கண்ணைத் திறந்துகொண்டு அழுத்தினாரே, அந்த இரண்டாவது அழுத்தலுக்கும் கம்ப்யூட்டர் பாவம் முழுப் பங்கையும் இன்னொரு முறை கணக்குப் போட்டு வைத்திருந்தது. தப்பு அவர்மேல் மட்டுமில்லை. வந்ததையெல்லாம் கூட்டு என்று புரோகிராம் எழுதியவள் நான். எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்காதவளும் நான்.

பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் தொலைபேசி எண்ணாவது இலக்கத்தை இந்த உலகத்தில் யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் வாசலில் கல்லில் வெட்டிய பொய்யைத் தாண்டித்தானே தினமும் உள்ளே வரவேண்டும்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். 'விடைகள் நாற்பத்தொன்று. ஆகவே கூட்டல் பிழை. பலகையைத் திருத்தவும்' என்று ஒரு கடிதம் எழுதி, நேராகத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்து உட்கார்ந்த பிறகுதான் கழித்துப் பார்க்கத் தோன்றியது. அதிகமாகச் சேர்ந்த பங்கு 0.28. போனால் 0.53.

அரைக்கு மேல். ஒன்று.

பலகை சரி. தப்பான கணக்கில் சரியான விடை வந்து உட்கார்ந்திருந்தது. தபால் பிரிவுக்கு ஓடினேன். எட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"அக்கா, அந்தக் கடிதத்தக் குடுங்க, ஒரு சின்னத் திருத்தம்."

"சீல் போட்டு நம்பர் குடுத்தாச்சேம்மா. இனிமே அது ஆபீஸ் கடிதம். நீயே எழுதினதா இருந்தாலும் உன்னுது இல்ல."

என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்பு அன்றைக்கு அந்தப் பிரிவுக்கு.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தச்சுப் பட்டறையில் வேலை செய்பவர், எதையும் அளந்து பேசுவார்.

"பலகை சரியா, தப்பா?"

"சரி."

"உன் கணக்கு?"

"தப்பு."

"அப்புறம் அது எப்படிச் சரியாச்சு?"

"குருட்டு அதிர்ஷ்டம்."

"அதிர்ஷ்டமே வீடு தேடி வந்திருக்கு. அத எழுத்துல புகார் குடுத்து அனுப்பிட்டு வந்திருக்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திரைச்சீலை அளவு எழுதிய துண்டுச்சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணி கீழேயிருந்தே, "நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, என் அடுப்புத் தீயைக் குறைத்தார்.

திங்கட்கிழமை இயக்குநர் அறைக்குப் போனேன். மேஜைமேல் என் ஆணை, அதன்மேல் என் கடிதம். சுவரில் அவர் என்டர் அழுத்தும் போட்டோ, கண் திறந்தது. கழித்துப் பார்த்த கணக்கைக் காட்டினேன்.

"அப்போ ஒன்னுதான்?" அவருக்கு மூச்சு வந்தது. "பலகைய மாத்த வேணாம்?"

"வேணாம் சார். ஆனா நடந்தத அப்படியே எழுதிடலாம். முறை தப்பு, விடை சரின்னு."

"முறை தப்புன்னா யாரு தப்புன்னு கேப்பாங்க. என்டர ரெண்டு தடவ அழுத்தினது யாருன்னு கேப்பாங்க." சுவரைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "எனக்கு இன்னும் எட்டு மாசந்தாம்மா சர்வீஸ். அதுவரைக்கும் விசாரணைன்னு உங்க ஃபைலும் நிக்கும். அதுக்கப்புறம் வர்றவர் நாற்பது கம்ப்யூட்டரே எதுக்குன்னு கேட்டாலும் கேப்பார்."

"நான் என்ன செய்யணும் சார்?"

"கடிதத்துக்குக் கடிதந்தான் பதில். முதல் கடிதம் கவனக்குறைவுன்னு எழுதிக் குடுங்க." வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டியதுதான்.

அந்த எட்டாம் நம்பர் சமையலறை மேடை என் கண்முன் வந்தது. பேனாவை எடுத்தேன். எழுதினேன்.

'விடைக் கோப்புகள் நாற்பதுதான். எண்ணும்போது தவறுதலாக நாற்பத்தொன்று என எண்ணிவிட்டேன்.'

பல நூறு கோடி இலக்கங்களைத் தொடாமலே தாண்டிப்போய் ஒன்றை எடுத்துவந்தவள், எனக்கு நாற்பது வரை ஒழுங்காக எண்ணத் தெரியாது என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அன்று மத்தியானமே என்னை நிரந்தரமாக்கினார்கள்.