ஞாயிற்றுக்கிழமைக் கட்டில்

"கால்மாட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் தூக்கு" என்றார் அத்தான். தையல்காரி அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள். காய்ச்சலில் அவளுக்குக் காது போய் ஐந்து வருடம் ஆகிறது.

விடியற்காலையில் தூக்கத்திலேயே அக்காவின் மூச்சு நின்றுவிட்டது. வருகிறவர்கள் பார்க்க முன்னறையில் கிடத்த வேண்டும். படுக்கையறைக் கட்டில் வாசலில் நுழையவில்லை. அதனால் அக்கா வைத்தியம் பார்த்த அறையிலிருந்து ஒற்றைக் கட்டிலை இருவருமாகத் தூக்கிவந்து, அதில் அக்காவைக் கிடத்தினார்கள்.

வலியோடு வருகிறவர்களை அந்தக் கட்டிலில் படுக்கவைத்து அக்கா ஏதோ வாசிப்பாள். தையல்காரி அதற்கு வைத்த பெயர் கம்பி வைத்தியம். "உன் கம்பிச் சத்தத்துல நோய் கம்பி நீட்டிடுமாக்கும்!" என்று கேலி செய்வாள். காது போன புதிதில் அக்கா, "நீயும் ஒரு நாள் வந்து படுத்துப் பாரேன்" என்று கூப்பிட்டாள். செவிடிக்குக் கச்சேரியா என்று தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வருவாள், போவாள். அந்த அறைப் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுத்ததில்லை.

விரிப்பின் ஓரம் மடங்கியிருந்தது. துணி அப்படிக் கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. கட்டில் சட்டத்தில் தோளைச் சாய்த்து, அடியில் கைவிட்டு இழுத்தாள். விரல்கள் எதிலோ உரசின.

தோளில் ஏதோ ஏறியது. நெஞ்செலும்புவரை போயிற்று. தையல் மெஷின் ஓடுவது பாதத்தில் தெரியும் அவளுக்கு; நூல் அறுந்தால்கூட அதை வைத்தே சொல்லிவிடுவாள். இதுவும் அப்படித்தான் வந்தது, ஆனால் அறுபடாமல், குறையாமல், நீண்டுகொண்டே போயிற்று. ஐந்து வருடத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் புல்லரித்தது.

தரையோடு தரையாகச் சாய்ந்து பார்த்தாள். கட்டிலின் அடியில், நீளத்துக்கும், நெருக்கமாகக் கம்பிகள்.

"என்ன அத்தான் இது?"

அவர் எதிரே குந்தி நிதானமாகச் சொன்னார். "ஐம்பது கம்பி. எல்லாம் ஒரே சுருதி. மேல படுத்தா போதும், காது வேணாம். எலும்பே கேக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் கூப்பிட்டா. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டா அப்புறம் யாரு என்னத்தச் சொல்ல முடியும்?"

அவள் அவர் உதட்டிலிருந்து கண் எடுக்காமல் விரிப்பின் ஓரத்தை நீவினாள்.

"ஞாயித்துக்கிழமை வேற யாருக்கும் நேரம் குடுக்கமாட்டா. காலையிலயே சுருதி சேத்து வெச்சிட்டு உக்காந்திருப்பா, நீ வருவேன்னு. நேத்துகூட சேத்தா."

தையல்காரி அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"கடைசியில நீ கம்பி நீட்டிட்டியேடி!"

எவ்வளவு சத்தமாகச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வாசிங்க அத்தான்."

அவர் தயங்கினார். பிறகு கட்டிலின் அடியில் கைநீட்டிக் கம்பிகளை வருடினார். வாசலில் அசைந்துகொண்டிருந்த உதடுகளெல்லாம் நின்றன.

அவள் அக்காவின் பாதங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தன. அவற்றின் வழியாக அது வந்துகொண்டிருந்தது.