ஆற்றில் பாய்ந்த மின்சாரம்

அலுவலகத்தில் அந்த மொழிபெயர்ப்பாளரை எல்லோரும் ‘அகராதி’ என்றுதான் கூப்பிடுவார்கள். புலமைக்குக் கிடைத்த பட்டம் என்று அவர் பூரித்துப்போவார். திமிர் பிடித்தவனையும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது அவருக்கு உறைத்ததே இல்லை. முதலுதவிக் கையேட்டில் ரத்தத்தை நிறுத்தச் சொன்ன இடத்தில் ‘ஸ்டெம்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, ‘காயத்தில் தண்டு வைக்கவும்’ என்று எழுதிய புண்ணியவான் அவர்.

போன கோடையில் ஆற்றங்கரைக்கு எச்சரிக்கைப் பலகை எழுதக் கொடுத்தார்கள். ‘ஸ்ட்ராங் கரண்ட்’ என்றிருந்தது. அகராதி யோசிக்கவே இல்லை. ‘ஆற்றில் பலத்த மின்சாரம் பாய்கிறது, குளிக்காதீர்கள்’ என்று எழுதி அனுப்பினார்.

பலகையைப் பார்த்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். “ஏங்க, ஆத்துல ஏதுங்க கரண்டு? தண்ணி இழுக்குதுன்னு சொல்லியிருக்காங்க!”

“எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா?” என்று எரிந்து விழுந்தவர், அவள் அடுப்படிக்குப் போனதும் டிக்‌ஷனரியைப் புரட்டினார். அவள் சொன்னதுதான் சரி. டிக்‌ஷனரியை மூடி வைத்துவிட்டு, மெமோ எப்போது வரும் என்று நாள் எண்ணத் தொடங்கினார்.

ஆனால் நடந்தது வேறு. வெள்ளம் இழுக்கும் என்றபோதெல்லாம் மார்தட்டிக் குதித்தவர்கள், ஷாக் அடிக்கும் என்றதும் காலைக்கூட நனைக்கவில்லை. அந்தக் கோடையில் ஆறு ஒருவரையும் அடித்துக்கொண்டு போகவில்லை. மேலதிகாரி கூட்டம் போட்டு அகராதியைப் பாராட்டி, எல்லாப் படித்துறைகளிலும் அதே வாசகத்தை வைக்கச் சொன்னார்.

“அப்பவாவது தப்புன்னு சொன்னீங்களா?” என்றாள் மனைவி.

“எப்படிடி சொல்றது? ஜனங்க உயிரு உனக்கு விளையாட்டாப் போச்சா?” என்று அவர் அவளையே அதட்டினார்.