மெதுவண்டி ‘கரண்ட் பில்’ விளையாடுகிறார்

1

இறந்துபோன என் தம்பியை ஒரு கோடைகாலம் முழுக்க நான் உயிரோடு வைத்திருந்தேன். மருந்தில்லை, மந்திரமில்லை, வெறும் இரண்டு கட்டைவிரல்களால்.

நம்பமாட்டீர்கள். தம்பி மனைவியும் நம்பவில்லை. “அத்தான், நீங்க சொல்றதுல பாதியைக் கழிச்சாலும் மிச்சம் இருக்கிறது பொய்தான்” என்றாள். உண்மைதான். ஓய்வு பெறும்வரை லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான். நாலாம் மாடியில் சிக்கிய லிஃப்டை நாற்பதாம் மாடி என்று சொன்னால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இந்தக் கதை அவள் வீட்டு அலமாரியில் பிறந்தது. அதிலிருந்து ஒரு கருவியை எடுத்து என் கையில் திணித்தாள். நடுவில் திரை, இருபுறமும் பொத்தான்கள். விளையாடவென்றே செய்த கைக்கணினி. வேலை விட்டு வந்தால் தம்பிக்கு அதுதான் கதி.

“கொண்டு போங்க. என் கண்ணுல படவேண்டாம். கடைசிவரைக்கும் இதை வச்சுக்கிட்டு ஒத்தை ஆளா மூலையில உக்காந்திருந்தாரு. அவருக்குன்னு ஒரு மனுஷன் உண்டா? சாவுக்கு யாராச்சும் வந்தாங்களா?”

அலுவலகத்திலிருந்து ஒரு மாலை வந்தது. அவ்வளவுதான். அவன் யாருமற்றவனாகப் போய்விட்டான் என்பது அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. தன்னோடு வாழ்ந்துமா, என்று.

2

[முதல் தொடக்கம்: ‘மழை தூறிக்கொண்டிருந்தது. நடுங்கும் விரல்களால் அந்தக் கருவியை நான்—’ அடித்துவிட்டேன். மழையும் இல்லை, நடுக்கமும் இல்லை. எனக்கு ஒரே குஷி.]

உள்ளே ஓடுவது லினக்ஸ், கணினிகளை இயக்கும் மென்பொருள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் ‘டெஸ்க்டாப்’ என்று ஒரு கதவு திறக்கும். பொம்மைக்குப் பின்னால் ஒரு முழுக் கணினி ஒளிந்திருக்கிறது! கரண்ட் பில் கட்டினேன். படம் பார்த்தேன். இந்தக் கதையையும் அதில்தான் தட்டத் தொடங்கினேன். ஆனால் ஐகான்கள் கடுகளவு. என் விரல்களோ ஸ்பேனர் பிடித்தவை. ஆகவே ஒவ்வொன்றையும் விளையாட்டுகள் இருக்கும் முகப்பில் பெரிய கட்டமாகக் கொண்டுவந்து பெயரிட்டேன்: ‘கரண்ட் பில்’, ‘பழைய பாட்டு’, ‘பொய் மூட்டை’ (நீங்கள் வாசிப்பது).

அங்கே வைத்துவிட்டால் அந்தக் கருவிக்கு எதுவுமே விளையாட்டுதான். இணையத்தில் நண்பர்களோடு ஆட தம்பி வைத்திருந்த கணக்கு வேறு திறந்தே கிடந்தது.

3

(இங்கே தம்பியின் மாரடைப்பு வரவேண்டும். அவன் பாதி— வேண்டாம். தாண்டிப் போங்கள்.)

4

ஒரு மதியம் திரை மூலையில் ஒரு செய்தி துள்ளியது. அனுப்பியவர் பெயர் ‘அரைத்தூக்கம்’.

“மெதுவண்டி அண்ணே! எங்க போயிட்டீங்க? அது என்ன கேம், ‘கரண்ட் பில்’? புதுசா?”

அங்கே என் தம்பிக்கு மெதுவண்டி என்று பெயராம். நான் எதைத் திறந்தாலும் ‘மெதுவண்டி விளையாடுகிறார்’ என்று அவன் நண்பர்களின் திரையில் தெரிந்திருக்கிறது. உலகம் முழுக்க!*

“கஷ்டமான ஆட்டம் போல” என்றார் ‘கரடி’. “உள்ள போன வேகத்துல வெளிய வந்துட்டாரு.”

“டேய், அண்ணனைக் கலாய்க்காதீங்க. வந்ததே பெருசு” என்றாள் ‘பல்லி’.

வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகு, பழைய செய்திகளைப் பார்க்க விரலால் மேலே தள்ளினேன்.

“அண்ணே, என் பொண்ணு இன்னைக்கு நடந்துட்டா. முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்.”

“உடம்புக்கு ஏதாச்சுமா அண்ணே?”

“நாலு பேர் ஆட்டம் இது. உங்க இடத்துல யாரையும் சேர்க்கல. மூணு பேரா ஆடி தினம் தோத்துட்டு இருக்கோம். பரவால்ல, மெதுவா வாங்க.”

ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, “யார்கூடடா ஆடுறே?” என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

* மூன்று பேர்.

5

முடிவுக்கு வந்தாகவேண்டும். கையில் இருப்பவை:

அ. ‘நான் அவன் அண்ணன் எழுதுகிறேன்’ என்று தொடங்கி உண்மையைச் சொல்வது. முறையான முடிவு. கட்டைவிரல் மறுக்கிறது.

ஆ. மெதுவண்டியாகவே போய் ஆடுவது. நாலு பேராகத் தோற்கலாம். ஆனால் நான் புளுகன்தானே தவிர திருடன் இல்லை.

இ. கருவியை அவளிடமே கொண்டுபோவது.

கொண்டுபோனேன். சமையலறை மேசையில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“உங்க அளப்பெல்லாம் அப்புறம், அத்தான்.”

“நான் வாயே திறக்கலம்மா. நீயே படி.”

கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள். மேலே, இன்னும் மேலே, அவன் எழுதியவற்றுக்கே போய்விட்டாள். ஓரிடத்தில் விரல் நின்றது. தம்பி அவர்களுக்கு எழுதியிருந்தான்: “கொஞ்சம் இருங்கப்பா. உள்ள அவ சிரிக்கிறா. என்னன்னு பாத்துட்டு வந்துடுறேன்.”

“வந்தாரு” என்றாள் அவள். “கதவோரம் வந்து நின்னாரு. என்ன வேணும்னு கேட்டேன். ஒண்ணுமில்லைன்னுட்டுப் போயிட்டாரு.”

பதில் எழுதும் கட்டம் திறந்தே இருக்கிறது. அந்த மூன்று பேருக்கு என்ன எழுதுவது என்பதை உங்களிடம் விடுகிறேன். என் கையில் கொடுத்தால் கெடுத்துவிடுவேன்.

அவள் கருவியை என்னிடம் திருப்பித் தரவில்லை.

“நீங்க சொன்னது நிஜந்தான் அத்தான்” என்றாள். “உயிரோடதான் இருந்திருக்காரு.”