ஏலத்தில் இன்னொரு ஆள்

ஏலம் முடியப் பத்து நாள் ஆகும் என்று நான் சொன்ன அன்றைக்கே சித்தப்பா நம்பவில்லை.

"ஒரு காச விக்கறதுக்குப் பத்து நாளா? தவளக்குப்பத்துல நகைக் கடைக்காரன் நின்ன எடத்துல வெல சொல்லுவான். உனுக்கு மட்டும் இன்னாடா பத்து நாளு?"

"இது பழைய காசு சித்தப்பா. சேக்கறவங்க பாக்கணும், போட்டி போடணும். அதுக்குத்தான் டைம் குடுக்கறாங்க."

"யாரு குடுக்கறாங்க?"

"அந்த வெப்சைட்டு."

"வெப்சைட்டு யாருது?"

தெரியாது என்றேன். அதை அவர் மனசில் குறித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது.

செலியமேட்டில் எங்கள் பழைய ஓட்டு வீடு அப்பா சூசைநாதனுக்கும் சித்தப்பா ஜான் பீட்டருக்கும் பொது. அதை இடித்து, மனையை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு வீடு கட்டிக்கொள்வது என்று முடிவானது. இடிக்கும்போது அய்யனார் மேஸ்திரி வாசக்காலைப் பெயர்த்தார். அடியில் ஒரு செம்புக்காசு கிடந்தது. வீடு கட்டும்போது நிலைக்கு அடியில் காசு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டியவர் யாரோ போட்டிருக்கிறார். ஒரு பக்கம் பூ மாதிரி முத்திரை, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் காலத்துக் காசு என்றார் மேஸ்திரி. அன்று சாயங்காலமே சித்தப்பா யூடியூபில் ஒரு வீடியோ பார்த்துவிட்டார். அதில் ஒருத்தர் இதே மாதிரி ஒரு காசைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு லட்சம் என்கிறார்.

மறுநாளே சித்தப்பா சொல்லிவிட்டார், காசு விற்றுப் பாதி கைக்கு வந்த பிறகுதான் பாகப் பத்திரத்தில் கையெழுத்து என்று. அந்தக் கையெழுத்து இல்லாமல் அப்பா பேரில் பட்டா கிடையாது. பட்டா இல்லாமல் வீடு கட்ட அரசு தருகிற மானியம் கிடையாது. மனுவோடு பத்திரப் பதிவு ரசீதையாவது கொடுக்கக் கடைசி நாள் அந்த மாதம் முப்பது. சித்தப்பா குடும்பம் கிருமாம்பாக்கத்தில் வாடகைக்குப் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் இடித்த மனையின் மூலையில் நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். மழைக்காலம் வேறு தொடங்கியிருந்தது.

லீவுக்கு வந்திருந்த என் கையில் காசைக் கொடுத்தார்கள். போனில் விற்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். சித்தப்பா அதை முன்னும் பின்னும் நாலு போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் கையிலிருந்து விட்டார். நான் அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து நான் வேலை பார்க்கிற ஓசூருக்குக் கொண்டுபோனேன்.

ஐந்நூறு ரூபாயில் ஏலம் தொடங்கியது. முதல் நாள் ஐந்நூறு. இரண்டாம் நாள் ஐந்நூறு. மூன்றாம் நாள் ஐந்நூற்று ஐம்பது. பார்க்கிறவர்கள் இருபத்து மூன்று பேர் என்று பக்கத்தில் போட்டிருந்தது. இருபத்து மூன்று பேரும் என்ன பார்க்கிறார்கள், ஏன் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. விவரம் தெரிந்தவன் எவனும் கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால் கை தூக்க மாட்டான் என்று அறைத் தோழன் கலைவேந்தன் சொன்னான். அவனுக்கு எப்படி இது தெரியும் என்று யோசித்தேன். அன்றைக்கே தீப்பெட்டியை விடுதி லாக்கரிலிருந்து எடுத்து பேன்ட் பாக்கெட்டுக்கு மாற்றினேன்.

வேலையில் கையுறை போட்டிருப்பேன். அதனால் டீ நேரத்தில் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, பேசியே டைப் செய்து குடும்ப குரூப்பில் போடுவேன். இன்று எவ்வளவு, எத்தனை பேர் பார்க்கிறார்கள், இன்னும் எத்தனை நாள். அப்பா ஒரு கும்பிடு போடுவார். சித்தப்பா அந்தப் பன்னிரண்டு லட்சம் வீடியோவை மறுபடி போடுவார். வேறு ஒன்றும் எழுத மாட்டார்.

ஐந்தாம் நாள் நேராகவே கூப்பிட்டார்.

"பிரகாசு, உண்மைய சொல்லு. வித்துட்டியா?"

"இல்ல சித்தப்பா. ஆயிரத்து நூறுல நிக்குது. லிங்கு அனுப்பியிருக்கேனே, பாருங்க."

"லிங்கு யாரு வேணா அனுப்பலாம். நெம்பர் எல்லாம் நீ போடறதுதான."

"நான் எப்படிப் போட முடியும்?"

"அத நீதான் சொல்லணும்."

அப்புறம் அம்மா கூப்பிட்டாள். தார்ப்பாய்க்குள் தண்ணீர் வந்துவிட்டதாம். அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றியிருக்கிறாளாம். "அந்த ஏலத்த சீக்கிரம் முடிக்கச் சொல்லி யார்னா பெரியவங்களாண்ட சொல்லிப் பாருடா" என்றாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பகல் நாலு மணிக்கு ஏலம் முடிய வேண்டும். விடுதி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூணு ஐம்பத்தாறு வரை ஆயிரத்து நானூறு. அதன் பிறகு இரண்டு பேர் வந்தார்கள். பெயரை முழுசாகக் காட்டாது. ஒருவர் கே-யில் தொடங்கி என்-னில் முடிகிறவர். மற்றவர் எம்-மில் தொடங்கி ஏழு என்ற எண்ணில் முடிகிறவர். கே இருநூறு ஏற்றினால் எம் நூறு ஏற்றினார். கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது விலை கேட்டால் ஏலம் இன்னும் ஐந்து நிமிடம் நீளும் என்பது அங்கே விதி. நாலு மணி நாலே காலானது. நாலே கால் ஐந்தானது. ஒவ்வொரு தடவையும் நாலு நிமிடம் ஐம்பது நொடி போய், இனி முடிந்தது என்று மூச்சு விடும்போது எம் நூறு ரூபாய் ஏற்றுவார்.

நடுவில் சித்தப்பா கூப்பிட்டார்.

"இன்னா, ஓடிகினு இருக்குதா?"

"ஓடுது சித்தப்பா. ரெண்டு பேரு மோதறாங்க. அஞ்சாயிரம் தாண்டிடுச்சு."

"யாரு யாரு?"

"பேரு தெரியாது. மறைச்சுத்தான் காட்டும்."

"மறைச்சுக் காட்டுமா. சரி, சரி."

பின்னால் அவர் மகள் மரிய செலினின் குரல் லேசாகக் கேட்டது. போனை வைத்துவிட்டார்.

ஐந்தே முக்காலுக்கு கே நின்றுவிட்டார். ஏழாயிரத்து முந்நூறுக்கு எம் எடுத்தார். பன்னிரண்டு லட்சம் இல்லை. ஆனாலும் ஐந்நூறில் தொடங்கியது இது. இனி சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று குரூப்பில் சொல்லப் போனேன். அதற்குள் மெயில் வந்தது. ஜெயித்தவரின் பெயரும் முகவரியும் அதில் இருந்தன.

மரிய செலின். தகப்பனார் ஜான் பீட்டர். செலியமேடு. என் ஆதாரில் இருக்கிற அதே கதவு எண்.

இடித்துவிட்ட வீட்டுக்குக் காசை அனுப்பச் சொல்லியிருந்தது. மூன்று தடவை படித்துவிட்டு செலினுக்குப் போன் செய்தேன்.

"நீயா புள்ள போட்ட?"

"அப்பாதாண்ணா போடச் சொன்னாரு. ஏலம் நெஜமா பொய்யான்னு பாக்கறதுக்கு. மொதல்ல ஒரு தடவதான் போட்டேன். உடனே அந்தாளு ஏத்துனான். 'பாத்தியா, அவந்தான் எதுத்தாப்புல இருந்து போடறான், எவ்ளோ தூரம் போறான்னு பாக்கலாம் போடு'ன்னாரு. போட்டுகினே இருந்தேன். கடைசில அந்தாளு நிறுத்திட்டான்."

"இப்ப பணம் யாரு கட்டறது?"

"அதான் அப்பா திட்டிகினு இருக்காரு. உன்ன."

அவர்கள் பணம் கட்டவில்லை. இரண்டாவதாக நின்ற கே-க்கே கொடுத்துவிடலாம் என்று எழுதிக் கேட்டேன். ஆள் வைத்து விலை ஏற்றுகிறவனிடம் வாங்குவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அடுத்த நாள் வெப்சைட்டும் என் கணக்கை நிறுத்திவைத்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே முகவரி, விற்பவரைச் சேர்ந்தவர்களே ஏலம் கேட்டிருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் காரணம் போட்டிருந்தது. ஒளிவுமறைவு வேண்டாம் என்று அதை அப்படியே குரூப்பில் போட்டேன். அந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சித்தப்பா செலினைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, குரூப்பில் முதல் தடவையாக வாய்ஸ் மெசேஜில் பதில் அனுப்பினார்.

"பாத்துக்க அண்ணா. கம்பெனிக்காரனே சொல்லிட்டான், விக்கறவன் ஆளேதான் ஏலம் கேட்டிருக்கான்னு. நான் சொன்னா நம்பல நீ."

அந்த ஆள் செலின்தான். அது செலினுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொல்லியும் பார்த்தேன். "பழிய என் பொண்ணு மேல போடறியா இப்ப?" என்றார் சித்தப்பா.

முப்பதாம் தேதிக்கு நாலு நாள் இருந்தது. காசு முழுசாக உங்களுக்கே, எங்களுக்குப் பாதிகூட வேண்டாம், நேரில் கொண்டுவந்து கையில் தருகிறேன், பாகூருக்கு வந்து கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று கேட்டேன். அப்பாவும் சரி என்றார். இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா ஒத்துக்கொண்டார்.

பாகூர் பதிவு அலுவலகத்தில் எங்களுக்குப் பதினேழாம் டோக்கன். தூறல் விடாமல் இருந்தது. அப்பா கஞ்சி போட்ட சட்டையில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா தீப்பெட்டியைத் திறந்து, காசை எடுத்து, தன் போனில் இருந்த நாலு போட்டோவோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். செலின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"இதே காசுதானா?"

"அதேதான் சித்தப்பா."

பதினாறாம் டோக்கன் உள்ளே போனது. பத்திர எழுத்தர் பேனாவை நீட்டி, கையெழுத்துப் போட்டுத் தயாராக இருங்கள் என்றார். சித்தப்பா பேனாவை வாங்கினார், ஆனால் தாளில் வைக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடு பிரகாசு. சண்ட இல்ல, சும்மா கேக்கறேன். எதுத்தாப்புல ஏத்துனானே, அந்த இன்னொரு ஆளு. அது யாரு?"

"தெரியாது சித்தப்பா. சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா எப்டி?" பேனாவின் மூடியை மறுபடி போட்டார். "உன் சரக்கு, உன் கணக்கு, உன் போனு. ரெண்டு மணி நேரம் ஒருத்தன் மல்லுக்கட்டறான், யாருன்னு தெரியாதாம். இவ்ளோ மறைக்கிறவன் இந்தப் பத்திரத்துல இன்னா எழுதி வச்சிருக்கான்னு எனுக்கு எப்டித் தெரியும்? அண்ணா, நான் வேற வக்கீல வச்சுப் படிச்சுப் பாத்துட்டு அடுத்த மாசம் போடறேன்."

அப்பா எழுந்துவிட்டார். அடுத்த மாதம் என்றால் மானியம் போச்சு. உள்ளேயிருந்து பதினேழு என்று கூப்பிட்டார்கள். செலின் திரும்பி என்னைப் பார்த்தாள். சொல்ல வாய் எடுத்தவள் மாதிரி இருந்தது. அவள் எதைச் சொன்னாலும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஆகும்.

"நான்தான் சித்தப்பா" என்றேன்.

"இன்னா?"

"நான்தான் இன்னொரு பேர்ல போட்டேன். வெல ஏறட்டும்னு. தப்புதான்."

சித்தப்பா முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கோபமே இல்லை. என் தோளில் கை வைத்தார்.

"அட, இத மொதல்லியே சொல்லி இருக்கலாம்ல? எனுக்கு அப்பவே தெரியும். இன்னா அண்ணா, நான் சொன்னனா இல்லியா? சின்னப் பையன், ஆசப்பட்டுட்டான். வுடு, வுடு. வெளிய எங்கயும் சொல்லிகினு இருக்காத."

மூடியைக் கழற்றினார். மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். உள்ளே போய்க் கைரேகை வைத்தார், போட்டோவுக்கு முகம் காட்டினார். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கிளம்பும்போது, டீ குடித்துவிட்டுப் போ என்று என் சட்டைப் பாக்கெட்டில் இருபது ரூபாய்கூட வைத்தார். செலின் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

எதிரே டீக்கடையில் நானும் அப்பாவும் நின்றோம். ரசீதை நாலாக மடித்து பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார் அப்பா. டீ வந்தது. இரண்டு வாய் குடித்த பிறகு கேட்டார்.

"நெஜமா நீதானாடா?"

"இல்லப்பா. அவரு கையெழுத்துப் போடணும்னு சொன்னேன்."

"ம்." கிளாசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப அது யாரு?"

"தெரியாதுப்பா. எங்கியோ ஒருத்தன். காசு சேக்கறவன்."

"தெரியாதா உனுக்கு?"

"தெரியாதுப்பா."

அப்பா தலையாட்டினார். மிச்ச டீயை ஒரே வாயில் குடித்துவிட்டு கிளாசை வைத்தார்.

"சரி வுடு. அதான் கையெழுத்து ஆயிடுச்சுல்ல" என்றார். "அம்மாவாண்ட இதெல்லாம் சொல்லிக்காத."

செலியமேட்டுக்கு ஒரே பஸ்ஸில் வந்தோம். என் பக்கத்தில் இடம் இருந்தும் அப்பா முன்னால் போய் நின்றுகொண்டார்.