நடு ஆற்றில் ஒன்பது அடி

ஆற்றில் எங்கே ஆழம் அதிகமோ அங்கேதான் இரண்டு நாடுகளுக்கும் எல்லை. வெள்ளம் வடியும்போதெல்லாம் ஆறு தன் இஷ்டத்துக்கு ஆழத்தை மாற்றிவிட்டுப் போகும். அதனால் வருடா வருடம் அளக்க வேண்டும். அளக்கிற ஆளை நம்பவும் வேண்டும், அங்கேதான் இடித்தது. ஒப்பந்தம் எழுதியவர்கள் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இக்கரை அளவையாள் அக்கரைப் படகில் ஏற வேண்டும், அக்கரை ஆள் இக்கரைப் படகில் ஏற வேண்டும். இரண்டு படகும் ஒரே மிதவையின் இரு பக்கமும் நின்று கோலை இறக்கி, ஆழத்தைக் கத்திச் சொல்ல வேண்டும். அதைத் தவிர, படகு விட்டுப் படகு ஒரு வார்த்தை பேசக்கூடாது. இரு நாடுகளும் போட்ட மூன்று போரில் இரண்டாவது, ஒரு படகோட்டி அடித்த கேலியில்தான் ஆரம்பித்ததாம்.

இந்த வாய்ப்பூட்டில் மாட்டிக்கொண்டு முழித்தவள் இக்கரை அளவைக்காரி. அக்கரை அளவைக்காரன் நெட்டையன் மேல் அவளுக்குச் சில வருடங்களாகவே பைத்தியம். அவன் எழுந்து நின்று, "ஆறே கால்!" என்று கத்தினால் போதும், இவளுக்குக் கால் தரையில் பாவாது. அவன் பார்க்கிற பார்வையிலும் ஏதோ இருந்தது. இருந்ததா, இல்லை இவளாகக் கற்பனை செய்துகொண்டாளா? அதைக் கேட்கத்தான் வழியில்லை. கடிதம் போட்டால் இரண்டு தலைநகரங்களிலும் பிரித்துப் படிப்பார்கள். தூது விட்டுக் கேட்கவோ அவளுக்கு ரோஷம்.

இதில் வேடிக்கை, அவள் ஏறும் அக்கரைப் படகை ஓட்டுபவர் நெட்டையனின் தாய்மாமன். மருமகன் சின்ன வயதில் தண்ணீரைக் கண்டாலே அலறுவான் என்பது வரை அவளுக்குச் சொல்லியாயிற்று. இக்கரைப் படகில் நெட்டையனுக்கு எதிரே எல்லை அதிகாரியாக உட்காருபவர் அவளுடைய சித்தப்பா. ஆக, குடும்பங்கள் பழகிவிட்டன. கட்டிக்கொள்ள வேண்டியவர்கள்தான் எண்களோடு நின்றார்கள்.

சித்தப்பாவுக்கு உலகத்தில் ஒரே விஷயம், ஆற்று நடுவில் கிடக்கும் மணல்திட்டு. மூன்று போரும் அதற்காகத்தான். மூன்றாவதில் அவருடைய இடது காது செவிடானது. திட்டுக்கு இந்தப் பக்கம் ஓடும் கால்வாய் ஆழமாக இருப்பதால் அது அக்கரைக்குச் சொந்தம். அந்தப் பக்கக் கால்வாய் என்றைக்கு ஆழமாகிறதோ, அன்றைக்கு நமக்கு.

"அந்தத் திட்டு யார்கிட்ட இருக்கோ, மேல கணவாயும் கீழ துறைமுகமும் அவன் சொன்னபடி ஆடும். இதை அந்தப் பையனுக்கு விலாவாரியா சொல்றேன். அவன், 'உங்க அண்ணன் பொண்ணு சாப்பிட்டாங்களா?'ன்னு கேக்கறான். மரமண்டை!" என்று வீட்டில் வந்து புலம்புவார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

அடுத்த வருடம் முதல் வானத்திலிருந்து கருவி அளக்கும், படகு தேவையில்லை என்று உத்தரவு வந்துவிட்டது. இன்று கடைசி நாள். இக்கரைப் பக்கக் கால்வாய் எட்டு அடி என்று காலையிலேயே முடிவாகிவிட்டது. மிச்சம், திட்டுக்கு அப்பால் ஒரே ஒரு மிதவை. அவளுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அளவு ஒத்துப்போகாவிட்டால் இரண்டு படகையும் சேர்த்துக் கட்டி, அளவையாட்கள் இருவரும் ஒரே கோலைப் பிடித்து மறுபடி அளக்க வேண்டும். இத்தனை வருடத்தில் அது நடந்ததே இல்லை. இருவருமே அவ்வளவு யோக்கியம்.

கோலை இறக்கினாள். ஏழு அடி. மாமா நீரோட்டத்தைப் பார்த்துத் துடுப்பை அழுத்திக்கொண்டிருந்தார், கோலைப் பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"ஒன்பது!"

அதே நொடியில் எதிர்ப்படகிலிருந்து நெட்டையன் குரல் வந்தது.

"ஒன்பது!"

அவள் கண்ணைத் திறந்தாள். அடப்பாவி, நீயுமா! சந்தோஷத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடுத்த கணமே அழுகையும் வந்தது. இருவரும் பொய் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் ஒரே பொய். அளவு ஒத்துப்போயிற்று. வேலை முடிந்தது. அதோடு, எட்டை ஒன்பது மிஞ்சிவிட்டதால் மணல்திட்டும் இக்கரைக்கு வந்துவிட்டது.

எதிர்ப்படகில் சித்தப்பா மெல்ல எழுந்தார். நெட்டையன் கையிலிருந்த கோலில் ஈரம் ஏறிய கோட்டைப் பார்த்தார். திட்டைப் பார்த்தார். செருப்புக் காலோடு ஒரு முறையாவது அதில் நடந்துவிட்டுத்தான் சாவேன் என்று வீட்டில் சபதம் போட்டிருந்த மனிதர். அவர் வாயைத் திறக்கவே வேண்டாம், உட்கார்ந்தால் போதும். நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். சித்தப்பா அவனைப் பார்த்தார், பிறகு தண்ணீருக்கு இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் மகளைப் பார்த்தார்.

"ஏழு!" என்று அவர் போட்ட சத்தத்தில் இரு கரைக் காவல்காரர்களும் துப்பாக்கியைத் தேடினார்கள். "அளவுல தகராறு! படகைக் கட்டுங்கடா!"

படகுகள் இடித்துக்கொண்டன. மாமா கயிற்றை இழுத்துக் கட்டினார். கோலை இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நெட்டையன் இன்னும் நெட்டையாக இருந்தான்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்றாள் அவள்.

"அதைக் கேக்கத்தாங்க நானும் பொய் சொன்னேன். கட்டிக்கிறேன்."

"எவ்வளவு?" என்றார் மாமா.

இருவரும் விழித்தார்கள். கோல் எப்போதோ கைநழுவி ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.

"இதுங்களை நம்பி ஒரு திட்டையே விட்டேன்!" என்று சித்தப்பா மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து மாமா துண்டை விலக்கிப் பார்த்தார். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.