மஞ்சள்நீர் குடித்த மாளிகை

"குமராட்சியில எந்தத் தெரு?"

அரிசி ஆலை அதிபர் ராஜமாணிக்கம் கேட்டார். விலாசம் விசாரிப்பதுபோல் சாதி விசாரிக்கும் கலையை எந்தக் கல்லூரியும் கற்பிப்பதில்லை. ஆனால் நம்மவர் எல்லோரும் அதில் முதல் வகுப்பு!

"காலனி, சார்," என்றாள் கனிமொழி.

சிதம்பரத்தில் அந்த அரிசி ஆலை அதிபர் கட்டவிருந்த புது வீட்டை வடிவமைத்தவள் அவள். புதுச்சேரியில் ஆறு மாதம் தங்கி, கணினியில் முப்பரிமாண வீடு எழுப்பக் கற்றவள். வரைந்ததை லேசர் இயந்திரத்தில் கொடுத்து அட்டையாக அறுத்து, சன்னல் கம்பி வரை ஒட்டி, இரண்டடி மாதிரி வீடாக நிறுத்தியிருந்தாள். அது பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம், வரைபடத்தில் அவள் பெயர் என்று இஞ்சினியர் கலியமூர்த்தி வாக்களித்திருந்தார்.

பிடித்துத்தான் இருந்தது. அதிபர் அதைப் பூசையறையில் வைத்து, குங்குமமிட்டு, மூன்று நாளாகக் கும்பிட்டு வந்தார். செய்த கையைப் பாராட்டத்தான் அன்று அவளை வரவழைத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மச்சான்?" என்று கலியமூர்த்தியிடம் சீறினார். "சாமிகிட்ட வச்சுட்டனே! ஞானாம்பா, மஞ்சத்தண்ணி கொண்டா!"

"வேணாம் சார், அது அட்டை..."

"நீ வெளிய நில்லு!"

சொம்பு கவிழ்ந்தது. தீட்டுப் போயிற்றோ இல்லையோ, மாடி போயிற்று! சுவர்கள் பணியாரமாய் உப்பின, தூண்கள் மண்டியிட்டன, மொட்டைமாடி சாமி படத்தின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

"வெள்ளிக்கெழம சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்க வராங்க," என்றாள் மனைவி ஞானாம்பாள். "இந்தக் கூழையா காட்டப் போறீங்க?"

அதிபர் வாசல்வரை வந்தார். படி இறங்கவில்லை, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"ஏம்மா, இதையே தண்ணியில ஊறாத சாமான்ல செய்ய முடியுமா?"

பழக்கத்தை மாற்றுவதைவிடப் பலகையை மாற்றுவது எளிதென்று கண்ட அறிவைப் பாருங்கள்!

"அக்ரிலிக்ல செய்யலாம் சார். எத்தினி சொம்பு ஊத்துனாலும் ஊறாது."

"செஞ்சு மச்சான்கிட்ட குடுத்தனுப்பு."

"மாட்டேன் சார். நானே எடுத்தாருவேன். உங்க நடுக்கூடத்துல உக்காந்துதான் ஒட்டுவேன். வரைபடத்துல என் பேரு இருக்கும். சரின்னா போன் பண்ணுங்க."

"கனிமொழி, வேலை போயிடும்!" என்று கலியமூர்த்தி கிசுகிசுத்தார்.

"போவட்டும் சார். கத்துக்கிட்டது என்கூடதான வரும்."

அவள் தெருமுனையை எட்டுமுன், ஞானாம்பாள் கணவன் கையில் போனைத் திணித்தாள்.

"கூப்புடுங்க. தீட்ட சனிக்கெழம பாத்துக்கலாம்."