கையெழுத்துக்குப் பிறகு ஐந்து நாள்

காய்கறிச் சந்தையில் ஏலம் கூறுகிறவனை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் விலை சொன்னால் சந்தையின் அந்தக் கோடியில் மூட்டை இறக்குகிறவனும் திரும்பிப் பார்ப்பான். நுரையீரலில் சளி கட்டி மூச்சு முட்டியபோது அந்தத் தொண்டைக்குள்தான் குழாயை இறக்கி, வென்டிலேட்டரில் போட்டார்கள். கூடவே இருந்தது அவன் அக்கா. தையல் கம்பெனியில் துணி வெட்டும் மாஸ்டர். அரை அங்குலம் தப்பினாலும் முதலாளியையே முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிற ரகம்.

பத்தாம் நாள் காலை பெரிய டாக்டர் அவளைக் கூப்பிட்டார்.

"இன்னும் கொஞ்ச நாள் மெஷின் வேணும்மா. வாயில குழாய் ரொம்ப நாள் இருக்கறது நல்லதில்ல. கழுத்துல சின்னதா ஒரு துளை போட்டு அது வழியா மூச்சு குடுக்கலாம். தொண்டை டாக்டர் வந்து செய்வார்."

விஷயம் கேட்டதும் பெரியப்பா போனிலேயே குதித்தார். "கழுத்துல ஓட்டை போட்டா பையன் அவ்வளவுதான். கையெழுத்து போட்டுடாதே!"

"நீங்க ஒரு நாள் வந்து இந்த நாற்காலியில உட்காருங்க பெரியப்பா. அப்புறம் பேசலாம்" என்று போனை வைத்துவிட்டு அக்கா கையெழுத்துப் போட்டாள்.

அன்று தொண்டை டாக்டர் வரவில்லை. மறுநாளும் இல்லை. கேட்டபோதெல்லாம் "நாளைக்கு" என்றார்கள். பதின்மூன்றாம் நாள் அவளே மாடி இறங்கித் தொண்டைப் பிரிவு வாசலில் போய் நின்றாள். "மேல இருந்து லெட்டர் வரட்டும்மா" என்றார்கள். மேலே ஏறினாள். "அனுப்பியாச்சே" என்றார்கள். இரண்டு மாடிக்கும் நடுவே அவளைப் பந்தாடினார்கள். உள்ளே, மயக்க மருந்தைக் குறைத்திருந்ததால் தம்பி கண் விழித்திருந்தான். குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கையைக் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். குழாயைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தான்.

பதினைந்தாம் நாள் மதியம் மெஷின் அலறியது. சளி இறுகிக் குழாயை அடைத்துவிட்டது. அவன் உதடு கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்காவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வீங்கிப்போன தொண்டையில் புதுக் குழாயை இறக்க மூன்று முறை முயன்றார்கள். நர்ஸின் கையுறையெல்லாம் ரத்தம். அப்போதுதான் தொண்டை டாக்டர் ஓடிவந்தார்.

கழுத்தில் துளை போட்டு, உயிர் பிழைத்துவிட்டான் என்று சொல்ல அவர் வெளியே வந்தார். அக்கா கும்பிடவில்லை.

"கால் மணி நேரத்துல வர முடிஞ்சவருக்கு அஞ்சு நாளா வழி தெரியலையா?"

அவர் பெரிய டாக்டரின் அறைப் பக்கம் கைகாட்டிவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம் துளையை மூடி வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் தம்பி மூச்சு விட்டாலே விசில் கேட்டது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுவான். கேமரா விட்டுப் பார்த்தார்கள். குழாயின் நுனியில் காற்று ஊதிய சின்ன பலூன் ஒன்று இருக்குமாம். அது அழுத்திய இடத்தில் புண்ணாகி, ஆறும்போது தழும்பு இறுகி, மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டது. குரல் நாணும் கெட்டுப்போயிருந்தது.

அக்காவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. அலைந்து திரிந்து ஃபைலின் நகலை வாங்கினாள். பத்தாம் நாள் முதல் பதினாலு வரை ஒவ்வொரு பக்கத்திலும் 'தொண்டை டாக்டருக்குக் காத்திருக்கிறோம்' என்று ஒரே வரி. அவருக்குப் போக வேண்டிய லெட்டரோ, அவள் கையெழுத்துப் போட்ட தாளோடு சேர்த்துக் குத்தியபடி, அனுப்பப்படாமலே ஃபைலில் இருந்தது.

தம்பியையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு டாக்டர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

பெரிய டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "முன்னாடியே துளை போட்டிருந்தா இது வந்திருக்காதுன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. எந்த நாள் சரியான நாள்னு எங்களுக்குள்ளயே ஒரே கருத்து இல்ல."

"நாள் தெரியலைன்னா போகட்டும் சார். யோசிச்சு காத்திருந்தீங்களா, மறந்துட்டு காத்திருந்தீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அவள் மேசையில் வைத்த லெட்டரின் நகலையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "மறந்துட்டோம்."

அக்கா வாயைத் திறந்தாள். தம்பி மேசையில் ஓங்கி அடித்தான்.

"நான் பேசறேன்."

காற்றுதான் வந்தது. எல்லோரும் முன்னால் குனிய வேண்டியிருந்தது.

"முழிச்சுட்டுதான் இருந்தேன். என் தலைக்கு மேலயே நின்னு, நாளைக்கு, நாளைக்குன்னீங்க. எல்லாம் காதுல விழுந்துது. கை கட்டியிருந்துது. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?"

அவன் அதற்கு மேல் பேச மூச்சில்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். பெரிய டாக்டர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். அவன் தொடவில்லை.

நடந்த தவறை அவர் கைப்பட எழுதிக் கொடுத்தார். தொண்டை டாக்டரும் கையெழுத்துப் போட்டார். சுருங்கிய இடத்தை அதன் பிறகு மூன்று முறை விரித்தார்கள். மூச்சு ஓரளவு சரியானது. குரல் வரவில்லை. சந்தையில் இப்போது அவன் எடை போடும் இடத்தில் உட்காருகிறான். ஏலம் கூற வேறொருவன் வந்துவிட்டான். "எழுதியாவது குடுத்தாங்களே, இனிமேலாவது மனசை ஆத்திக்கோ" என்று பெரியப்பா ஒருநாள் சொல்லிப் பார்த்தார். வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து அக்கா கண்ணெடுக்கவில்லை.

"ஆத்திக்க மாட்டேன் பெரியப்பா."